சொல்லாத வேண்டுதல்

தர்மபுரியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து வார்டுக்கும் வந்துவிட்டார். ஆனால், முகத்தில் தெளிச்சியே இல்லை. சித்தி காபி வாங்கப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டார்...

''ஏம்மா, டாக்டர் என்கிட்ட எதையாவது மறைக்கிறாரா? உங்க சித்தி, காமாட்சியம்மனுக்கு அர்ச்சனை, பைரவருக்கு விளக்குன்னு தினமும் ஒண்ணு சொல்றா. நான் தீர்த்தமலை ஏறி மொட்டை போட்டுக்கறதா வேற வேண்டிக்கிட்டிருக்காளாம். மாடிப்படி ஏறவே பயமா இருக்கு. மலையை எப்படிம்மா ஏறுவேன்?''

எனக்குச் சுருக்கென்றது. சித்தியின் பக்தியை யார் குறை சொல்ல முடியும்? ஆனால், அது சித்தப்பாவின் நெஞ்சில் பாரமாக அல்லவா இறங்கியிருக்கிறது!

2006-ம் வருடம் அமெரிக்காவில், டாக்டர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையிலான குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவினருக்காக, முன்பின் அறியாத பக்தர்கள் 14 நாட்கள் பிரார்த்தித்தார்கள். அதை நோயாளிகளிடம் உறுதியாகச் சொல்லியும் விட்டார்கள். இரண்டாம் பிரிவுக்கும் பிரார்த்தனை உண்டு. மூன்றாம் பிரிவுக்கு இல்லை. இந்த இரு பிரிவினரிடமும், 'உங்களுக்காகப் பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் இருக்கலாம்' என்று மட்டும் சொன்னார்கள்.

கடைசி இரண்டு பிரிவுகளிலும் நூற்றுக்கு 51, 52 பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்தது. பிரார்த்தனை நடப்பதை உறுதியாகத் தெரிந்துகொண்டவர்களில்? 59 பேருக்கு!

இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால், 'பிரார்த்தனைக்கு ஆள் சேர்க்கும் அளவுக்கா என் உடம்பு மோசம்?' என்று அவர்கள் கலங்கியிருக்கலாமோ என அந்த ஆய்வில் பங்கேற்ற மருத்துவர் ஒருவரே சந்தேகப்பட்டார். சித்தப்பா கேட்டதும் இதைத்தானே!

'பார்த்தீர்களா, பிரார்த்தனையே வீண்' என்று கைகொட்டுபவர்களும் உண்டு. அவர்கள் 1995-ல் வெளியான இன்னோர் ஆய்வையும் படிக்க வேண்டும். இதய ஆபரேஷன் செய்துகொண்ட, 55 வயதுக்கு மேற்பட்ட 232 பேரைக் கவனித்தார்கள். இறைநம்பிக்கையில் பலமும் ஆறுதலும் காணாதவர்களுக்கும், நாலு பேரோடு கூடிப் பழகாதவர்களுக்கும், ஆறு மாதத்துக்குள் உயிரிழக்கும் ஆபத்து அதிகமாக இருந்ததாம். ஆக, நோயாளியின் சொந்த நம்பிக்கை அவருக்குத் துணைதான். நம்முடைய வேண்டுதலைத் தினம் தினம் அவர் காதில் போடுவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான், ஆயுளை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனியை ஔவையாருக்குக் கொடுத்தான் அல்லவா? அதன் பலனை வெளியே சொல்லாமல், மனதுக்குள் அடக்கிக்கொண்டே கொடுத்தான் என்கிறது புறநானூறு. சொல்லியிருந்தால் ஔவை அதை வாங்கியிருப்பாரா?

'கட்டினவரிடம் மறைக்கலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் சொன்னதை மறைத்தால் தவறுதான். வேண்டுதல் அப்படியில்லையே... அது உங்களுக்கும் அம்பாளுக்கும் இடையிலான பேச்சு. அதிலும், அடுத்தவர் காலை நம்பி மலையேறுவதாக நேர்ந்துகொள்வது எந்த வகையில் நியாயம்?

சித்தியிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். ''பெரிய மனுஷியாட்டம் பேச வந்துட்டா!'' என்று இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள், 'அரூரில் கல்யாணம்' என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினார். கூடவே நானும் போனேன். மூட்டுவலியோடு, படிக்குப் படி நின்று நின்று தீர்த்தமலை ஏறி, தன் முடியைக் காணிக்கையாகக் கொடுத்தார். மொட்டை இல்லை, பூமுடிதான்.

வீடு திரும்பியதும், ''கல்யாணச் சாப்பாடு எப்படி?'' என்று சித்தப்பா கேட்டார். சித்தி என்னைப் பார்க்கவே இல்லை. ''பாயசம் கொஞ்சம் தித்திப்பு அதிகம்'' என்றபடி சமையலறைக்குள் போய்விட்டார்.