கண்ணில் வாழும் புழுவும் கண்ணை இழக்கும் பசுவும்

பசுவின் கண்ணில் புழு இருக்கிறது. அதை அகற்றினால் புழு இறக்கும். அகற்றாவிட்டால் பசுவின் பார்வை கெடக்கூடும். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட இல்லறத்தார் இவ்விடத்தில் யாது செய்வது? வெறும் ஏட்டுக் கேள்வி என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக உழவை மேற்கொண்ட நம் குடும்பங்களின் தொழுவங்களில் எழக்கூடிய கேள்வியே இது.

முதலில் நோயை அறிவோம். தெலாசியா எனப்படும் இப்புழு வெண்ணிறமானது. நூலிழை போன்று ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மாட்டின் கண்ணில் மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து மூடும் மூன்றாம் இமை ஒன்று உண்டு. அதனடியில் இப்புழு தங்குகிறது. கண்ணீரைப் பருக வரும் ஈ இளம்புழுக்களையும் உடன் உட்கொள்கிறது. அவை சில வாரங்கள் ஈயின் உடலில் வளர்ந்து, பிறகு வேறொரு மாட்டின் கண்ணில் இறங்குகின்றன. ஓயாது நீர் வடிதலும், கண் சிவத்தலும், மாடு தன் முகத்தைக் கம்பத்தில் தேய்த்தலும் இதன் அடையாளங்கள்.

இதே அடையாளங்கள் புழுவில்லாத வேறொரு நோயிலும் தோன்றும். நுண்கிருமியால் வரும் அந்நோய், ஈ மொய்ப்பாலும் புழுதியாலும் கடும் வெயிலாலும் மிகும். மாடு வெளிச்சத்தைக் கண்டு கண்ணை இடுக்கும். இமையோரம் பீளை கட்டும். பின்னர்க் கருவிழியின் நடுவே வெண்புள்ளி தோன்றும். இதனையே நம் ஊரில் 'பூ விழுந்துவிட்டது' என்பர். அந்த வெண்மையினடியில் புண் இருக்கலாம். புண் ஆழமானால் விழி உடைந்துபோவதும் உண்டு. தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். மாட்டை நிழலில் கட்டி, மற்ற மாடுகளினின்று பிரித்து, கொதித்தாறிய உப்புநீரால் பீளையை மெல்லத் துடைத்து, கால்நடை மருத்துவரை அழைப்பதே நாம் செய்யத்தக்கது. உப்புநீர் என்றால் ஒரு லிட்டருக்கு இரண்டு சிட்டிகை அன்று, ஒரு கைப்பிடியும் அன்று; ஏறத்தாழ ஒன்பது கிராம், அதாவது இரண்டு சிறு கரண்டிக்குச் சற்றுக் குறைவு.

செய்யத்தகாதவையும் சில உள. மென்ற புகையிலையை உமிழ்வதும், உப்புத்தூளை ஊதுவதும், கண்ணருகே சூடு போடுவதும் இன்றும் சில இடங்களில் நடக்கின்றன. புண்பட்ட கண்ணில் உப்பைத் தூவுதல் எத்தகைய வேதனை என்பதைத் தம் கண்ணில் தூசி விழுந்த எவரும் அறிவர். வீட்டில் மிஞ்சிய மனிதர் சொட்டு மருந்தை விடுவதும் தீங்கே. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் புண் பெருகும்.

இனி அறத்திற்கு வருவோம். புழு ஈரறிவு உயிர். ஈ நாலறிவு உயிர். பசு ஐயறிவு உயிர். இக்கணக்கைக் காட்டி, 'சிறியது இறந்தால் குற்றமில்லை' என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்வோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. 'கொல்வது எம் நோக்கமன்று, கண்ணைக் காப்பதே நோக்கம்' என்பாரும் உளர். மருந்திட்டால் புழு மாளும் என்று அறிந்தே இடுகிறோம். மருந்தின்றி இடுக்கியால் எடுத்தாலும், நீரால் கழுவி வெளியேற்றினாலும், கண்ணைவிட்டு நீங்கிய புழு பிழைப்பதில்லை. ஆதலின் இஃது இம்சையே. இல்லறத்தில் தவிர்க்கவியலாத ஆரம்ப இம்சை என்று ஏற்று, பிரதிக்கிரமணத்தின்போது அதனையும் நினைந்து வருந்துவதே நேர்மை.

எனில், மருந்திடாமல் இருந்துவிட்டால் தூய்மை கிட்டுமா? கிட்டாது என்பதே என் துணிபு. தத்துவார்த்த சூத்திரம் உயிர்க்கேட்டைக் கூறுமிடத்து அசட்டையை முன்வைக்கிறது. நாமே கயிற்றால் கட்டி, நாமே கறந்துண்ணும் உயிர் அது. காட்டு மானைப் போல நிழல் தேடிப் போகவும் அதனால் ஆகாது. கட்டியவன் வாளாவிருந்தால் அது கொல்லாமை ஆகுமா? புழுவுக்கு இரங்குவதாகச் சொல்லும் சிலரது உள்ளத்தை ஆராய்ந்தால் அங்கே பால் கணக்கு இருக்கும். மருந்து கொடுத்தால், அம்மருந்துக்கேற்ப மருத்துவர் சொல்லும் நாள்வரை அப்பாலை ஊற்ற இயலாது. அந்த இழப்புக்கு அஞ்சி நாளைத் தள்ளிவிட்டு அதற்குக் கருணை என்று பெயரிடுதல் தகாது.

கொல்லாமை நோன்பின் ஐந்து அதிசாரங்களை நம் சிறுவர்க்குக் கற்பிக்கிறோம்: கட்டுதல், அடித்தல், உறுப்பை ஊறு செய்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தும் வீட்டு விலங்கை மனத்துட்கொண்டு சொன்னவை போலவே எனக்குத் தோன்றும். பால் வற்றிய சினைப்பசுவுக்கு மாதக்கணக்கில் வைக்கோலை மட்டுமே போடுவோர், 'உணவை மறுக்கவில்லையே' என்பர். வறண்ட வைக்கோலில் வைட்டமின் 'ஏ' ஆகும் சத்து இல்லை. அக்குறை நீண்டால் மாடு அந்தியில் தடுமாறும். கன்று குருடாகவே பிறத்தலும் உண்டு. நாள்தோறும் சிறிது பசும்புல்லோ அகத்திக் கீரையோ இருந்தால் இத்துன்பம் வாராது. வயிற்றை நிரப்பிவிட்டுக் கண்ணைப் பட்டினி போடுவதும் ஐந்தாவது அதிசாரத்தின்பாற்படும் என்றே கொள்வேன்.

நாம் முயலவேண்டிய இடம் நோய்க்கு முன்னே இருக்கிறது. ஈ பெருகுவது ஈரச் சாணத்தில். வெயில் காலத்தில் முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் போதும். காலையில் வாரும் சாணத்தை அன்றே வறட்டியாகத் தட்டி உலர்த்தினாலோ, எருக்குழியில் இட்டு மண்ணால் மூடினாலோ ஈ அங்கு முட்டையிட வருவது மிகக் குறையும். பிறவாத உயிரைக் கொல்லவேண்டிய நிலையும் நேராது. மாலையில் வேப்பிலைப் புகை இடுவது நல்லதே. எனினும், நோயுற்ற கண்ணருகே புகை மூட்டுதல் கூடாது.

இத்தனைக்குப் பின்னும் பார்வை போய்விட்டால்? குருட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை யாவரும் அறிவர். புழுவுக்காகத் தயங்கிய கை அந்தக் கயிற்றை மட்டும் தயங்காமல் மாற்றிக் கொடுக்குமானால், அதனினும் பெரிய முரண் வேறில்லை. பார்வையற்ற பசு தொழுவத்தில் அமைதியாக வாழும். தண்ணீர்த் தொட்டியையும் தீவனம் இடும் இடத்தையும் மாற்றாதிருக்க வேண்டும். முட்டுகின்ற மாட்டின் அருகே கட்டலாகாது. ஒரு கண் மட்டும் போயிருந்தால் பார்வையுள்ள பக்கத்திலிருந்தே அணுகவேண்டும். தொடுவதற்கு முன் குரல் கொடுங்கள். இரண்டு வாரங்களில் அது உங்கள் காலடி ஓசையை அறிந்துகொள்ளும்.