துருவும் பூச்சும்

ஒருவரும் காணாத இடத்திலே செய்யப்படும் வேலை நேர்மையாகச் செய்யப்பட வேண்டுமா? வேண்டும் என்று யாவரும் உடனே விடை கூறுவர். ஏன் வேண்டும் என்று கேட்டால் தயங்குவர். கடவுள் காண்கிறார் என்பது ஒரு சாராரின் விடை. மனச்சாட்சி உறுத்தும் என்பது மற்றொரு சாராரின் விடை. இவ்விரு விடைகளும் வேலை செய்பவனின் உள்ளத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த வேலையின் பலனை அனுபவிக்கப் போகும் மனிதனுக்கு அவற்றில் இடமே இல்லை. ஆகவே இக்கேள்வியை வானத்திலிருந்து இறக்கி, அரியாலையில் ஒரு வளவுக்குள்ளே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். இலக்கிய இதழொன்றில் துருப்பிடித்த மோட்டார்க் காரைப் பற்றி எழுதலாமா என்று முகஞ்சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள்க.

மாமர நிழலிலே பழைய வோக்ஸ்வாகன் கார் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். வண்டைப் போன்ற வடிவம், என்ஜின் பின்புறத்தில், தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டர் அதற்கு இல்லை, காற்றே அதன் சூட்டைத் தணிக்கிறது. யாழ்ப்பாணத்தின் பழைய கார்கள் என்றதும் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் என்பனவே நினைவுக்கு வரும். அவை தண்ணீரால் குளிர்வன. துருவோ இரண்டுக்குமிடையே பேதம் பாராட்டுவதில்லை. காரின் சொந்தக்காரர் அதை வீட்டிலேயே, தம் கையாலேயே பழுதுபார்க்க எண்ணுகிறார் என்றும் கொள்வோம்.

இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடும்போது துரு பிறக்கிறது என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். உப்பு அவ்வினையை விரைவுபடுத்தும். அரியாலை கடனீரேரியை அண்டிய ஊர். உவர்க்காற்றும் மாரிமழையும் அதற்குப் புதியன அல்ல. துருவுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. தான் பிறந்த இரும்பைவிட அது அதிக இடத்தைக் கொள்ளும். ஆதலால் வர்ணத்தை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக எழுப்பும். அன்றியும் அது நுண்துளைகள் நிறைந்தது. அலுமினியத்தின் மேற்படலம் தன்கீழுள்ள உலோகத்தைக் காப்பதுபோல அது காப்பதில்லை. ஈரத்தை மேலும் உள்ளே அழைத்துச் செல்லும். எனவே வெளியே சதக் காசளவு தோன்றும் கொப்புளத்தின் பின்னே உள்ளங்கையளவு தகடு உளுத்துப் போயிருத்தல் கூடும்.

இந்தக் காரின் அமைப்பிலே ஒரு விசேடம் உண்டு. அதன் உடலும் அடித்தட்டும் வெவ்வேறாக ஆக்கப்பட்டு மரையாணிகளால் பூட்டப்பட்டவை. பூட்டப்படும் இடத்திலே, கதவுகளுக்குக் கீழே, இருபுறமும் பெட்டி போன்ற குழல்கள் நீண்டு செல்கின்றன. ஜெர்மனியின் பனிக்காலத்தில் பயணிகளுக்குச் சூடு வேண்டும். சுடுநீர் இல்லாத வண்டியாதலால், என்ஜினருகே சூடேறிய காற்றை இக்குழல்கள் வழியே முன்னே கொண்டுவந்தனர். அரியாலையில் அந்தச் சூடு யாருக்கு வேண்டும்? ஆயினும் குழல் இருக்கிறது. அதற்குள் ஈரம் தங்குகிறது. வெளியே பளபளக்க, உள்ளே இரும்பு கரைகிறது. பின்னாசனத்தின் கீழே மின்கலம் இருக்கிறது. அதிலிருந்து கசியும் அமிலம் அடித்தட்டைத் தின்கிறது. வண்டியின் வலிமை தங்கியிருப்பது இந்த இடங்களிலேதான். இவையே கண்ணுக்குப் படாத இடங்களும்.

பழுதுபார்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி எளிது. கொப்புளத்தைச் சுரண்டி, ஓட்டையிலே கம்பிவலையோ கடதாசியோ அடைத்து, மேலே பட்டி என்னும் பசையை அப்பி, காய்ந்தபின் அரத்தாளால் தேய்த்து, வர்ணம் தெளிக்கலாம். இரண்டொரு நாளில் முடிந்துவிடும். காந்தத்தை வைத்து, அது ஒட்டாமல் நழுவுவதைக் கண்டாலன்றிப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பட்டி தன்னளவிலே குற்றமுள்ள பொருளன்று. நல்ல தகட்டின் சிறு நெளிவைச் சமன்செய்ய அது வேண்டியதே. இல்லாத தகட்டின் இடத்திலே அதை நிறுத்தும்போதுதான் அது பொய்யாகிறது.

இரண்டாம் வழி கடினமானது. ஆசனங்களையும் விரிப்பையும் மின்கலத்தையும் அகற்றவேண்டும். முன்புறத்திலுள்ள பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தொலைவில் வைக்கவேண்டும். வெறுமையான தாங்கியில் எஞ்சியுள்ள ஆவியே தீப்பொறிக்கு மிகவும் அஞ்சத்தக்கது. பின்பு சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல தகடு கணீரென்னும்; உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும். குழலை வெட்டுமுன் கதவு வாயிலிலே இரும்புச் சட்டங்களைக் குறுக்கே பொருத்தி உடலைத் தாங்கவேண்டும். இல்லையேல் அது சரிந்துவிடும், பிறகு கதவு மூடாது. அதன்பின் வெட்டவேண்டும். எதுவரை? பளிச்சென்ற இரும்பு தோன்றும்வரை. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகட்டை அளந்து, வெட்டி, மடித்துப் பொருத்தி, இடைவெளிவிட்டுப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்யவேண்டும். ஒரே மூச்சில் செய்தால் சூட்டினால் தகடு நெளியும். பிறகு துத்தநாகம் கலந்த பூச்சு, மூட்டுக்களை அடைக்கும் பசை, குழலுக்குள்ளே மெழுகு. வர்ணம் எல்லாவற்றிற்கும் கடைசியில். வாரக்கணக்காகச் செய்த இவ்வேலையின் பெரும்பகுதி இறுதியில் விரிப்பின் கீழே மறைந்துவிடும். பொய்யான வேலையும் மறைகிறது. மெய்யான வேலையும் மறைகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

முதல் வழியில் செல்வோன் தீயவன், இரண்டாம் வழியில் செல்வோன் நல்லவன் என்று தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்துபோவது எளிது. நீதி போதிப்போர் பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிடுவர். நாம் இன்னும் ஓரடி எடுத்துவைக்க வேண்டும். கார்ல் மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்பாகத்தின் தொடக்கத்திலேயே, பண்டத்துக்குப் பயன்மதிப்பு என்றும் பரிவர்த்தனை மதிப்பு என்றும் இரு முகங்கள் உண்டென்று காட்டினார். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் ஓடவேண்டியவனுக்கு அடித்தட்டு வேண்டும். நாளைக்கு விற்கவேண்டியவனுக்கு வர்ணம் போதும். ஒரே காரை ஒருவன் ஓடுவதற்காகப் பார்க்கிறான், மற்றவன் கைமாறுவதற்காகப் பார்க்கிறான். 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. விலை ஏற ஏறப் பட்டியின் கவர்ச்சியும் ஏறுமன்றோ? துரு இயற்கையின் வினை. அதை மூடிவைப்பது சந்தையின் வினை.

பட்டி பூசிய கையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோர், அந்தக் கைக்கு உத்தரவிட்டது யார் என்று கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடியவேண்டும், இன்ன தொகைக்கு மேல் தரமாட்டேன் என்று முன்னரே தீர்த்துக்கொண்டு வருபவரிடம் தகட்டு வேலைக்காரன் இரண்டாம் வழியை எவ்வாறு எடுத்துரைப்பான்? நேர்மைக்கு நேரம் வேண்டும். கூலிக்கு வேலை செய்பவனின் நேரம் அவனுக்குச் சொந்தமில்லை. பழைய வர்ணங்களிலே ஈயம் கலந்திருக்கும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் புகை காய்ச்சலைத் தரும். முகக்கவசமில்லாத தொழிலாளி அந்தத் தூசையும் புகையையும் உண்டுகொண்டே பிறருடைய காருக்கு அழகு சேர்க்கிறான். வீட்டிலே தன் காரைத் தானே பழுதுபார்ப்பவரின் நேர்மை மெச்சத்தக்கதே. ஆனால் அது ஓய்வும் வருவாயும் உள்ளவருக்குக் கிட்டிய நேர்மை என்பதையும் மறக்கலாகாது. அவரிடமிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அங்கே செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே. தாமும் தம் பிள்ளைகளும் அமரப்போகும் ஆசனத்தின் கீழே கடதாசி அடைக்க எவரும் துணியார். நேர்மை அங்கே தனிப்பட்ட தவமாக இல்லை; உறவின் அமைப்பே அதைப் பிறப்பிக்கிறது.

இதை யாழ்ப்பாணம் ஒரு காலத்தில் ஊரளவிலே கண்டது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து என்பன தடைசெய்யப்பட்டன, மின்சாரமும் அற்றுப்போயிற்று. சிறிதளவு பெற்றோலில் என்ஜினை இயக்கிவைத்துப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்நாட்களில் காரின் வர்ணத்தைப் பார்த்தவர் யார்? நோயாளியை ஆஸ்பத்திரியிலே சேர்க்குமா என்பதொன்றே கேள்வி. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, செம்மணி வழியே உருளக்கூடியது எதுவோ அதுவே வாகனமாயிற்று. இதைக் காட்டி இல்லாமையைப் போற்றுவது மடமை. தடை மக்களை வதைத்தது. அது எவரையும் புனிதராக்கவில்லை. விற்பனை என்ற நோக்கம் விலகியபோது மனிதக் கைகள் எதைக் கவனித்தன என்பதற்கு மட்டுமே அக்காலத்தைச் சான்றாகக் கொள்கிறோம்.

இவ்விடத்திலே தத்துவ மாணவர் ஒருவர் குறுக்கிடலாம். தகடுகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால் அது பழைய கார்தானா? கிரேக்கரான புளூட்டாக் எழுதிவைத்த தீசியசின் கப்பலைப் பற்றிய வினாவே இது. பலகைகளெல்லாம் மாறியபின் கப்பல் அதேதானா என்று அன்று வாதிட்டனர். இன்று பழங்கார் சேகரிப்போர் ‘அசல்’ என்ற சொல்லுக்கு விலை வைக்கின்றனர். ஆணிகூட மாறாதிருக்க வேண்டும் என்ற அந்த ஆசையும் சந்தை மதிப்பின் மற்றொரு வேடமே. பலகையை மாற்றியதை ஒளிக்காதவரை கப்பலோட்டி எவரையும் ஏமாற்றவில்லை. மாற்றத்தால் ஒரு பொருள் பொய்யாவதில்லை. மாற்றத்தையும் சிதைவையும் மறைப்பதாலேயே பொய்யாகிறது.

நம் வளவிலே நிற்கும் இந்தக் காரின் வரலாறே இதற்குப் பெருஞ்சான்று. ‘மக்கள் கார்’ என்பதே அதன் பெயரின் பொருள். 1938 இல் ஹிட்லர் அதன் ஆலைக்கு அடிக்கல் நாட்டினான். வாரந்தோறும் முத்திரை வாங்கி ஒட்டிச் சேமித்தால் தொழிலாளிக்குக் கார் கிடைக்கும் என்று நாசிகள் வாக்களித்தனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேமித்தனர். அத்திட்டத்தின்படி ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. ஆலை போர்த்தளவாடம் செய்தது. அங்கே ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கட்டாய உழைப்பிலே ஈடுபடுத்தப்பட்டனர். உழைத்த பெண்களின் கைக்குழந்தைகள் ரூயென் என்ற ஊரின் காப்பகத்திலே நூற்றுக்கணக்கில் மாண்டன. போருக்குப்பின் அந்தக் கார் உலகெங்கும் ஓடியது. 1972 இல் ஃபோர்டின் டி மாதிரிக் காரின் உற்பத்தித் தொகையையும் கடந்தது. 2003 இல் மெக்சிக்கோவிலே கடைசி வண்டி வெளிவந்தது. பழைய கறைக்கு மேலே நல்ல வர்ணம் பூசியாயிற்று. ஆயினும் 1986 இல் நிறுவனமே வரலாற்றாசிரியர் ஹான்ஸ் மொம்சனிடம் ஆய்வை ஒப்படைத்தது. மன்பிரெட் கிரீகருடன் அவர் எழுதிய நூல் 1996 இல் வெளிவந்தது. 1998 இல் கட்டாய உழைப்பாளருக்கென நிதியம் அமைக்கப்பட்டது. அதற்குள் பலர் இறந்துவிட்டனர். தாமதமாகவேனும், வழக்குகளின் நெருக்குதலாலேனும் தகடு வெட்டப்பட்டது என்பதே முக்கியம்.

அரியாலையிலே இருந்துகொண்டு இவ்வளவும் எழுதிவிட்டு, அரியாலையைப் பற்றி வாய்மூடியிருப்பது தகாது. 1998 இல், கொலைவழக்கிலே தண்டனை பெற்ற படையினன் ஒருவன், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று நீதிமன்றிலே கூறினான். 1999 இல் பதினைந்து பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பிறகு மண் மூடிக்கொண்டது. 2025 இல் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்திலே கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவின்கீழ் நடந்த அகழ்விலே அவ்வாண்டிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. பாடசாலைப் பையொன்றும் விளையாட்டுப் பொம்மையும் அவற்றிடையே இருந்தன. தகட்டையும் மனிதரையும் நாம் ஒன்றாக்கவில்லை. உளுத்த தகட்டுக்கு மாற்றுத் தகடு உண்டு, இறந்த பிள்ளைக்கு மாற்றில்லை. ஆனால் பழையதைக் கிளறவேண்டாம், மேலே புதியதைக் கட்டி முன்னேறுவோம் என்ற குரலை நாம் நன்கறிவோம். அது பட்டி பூசுவோனின் குரல். முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைப்பவரும் அதையேதான் சொல்வர்.

தொடக்கத்து வினாவுக்கு இப்போது விடை கூறலாம். மறைவிடத்து வேலை நேர்மையாக இருக்கவேண்டும். ஏனெனில் பாரத்தைத் தாங்குவது மறைவிடமே, அந்தப் பாரமோ பிற மனிதர். தனிமனிதருக்கு உபதேசித்து இந்நேர்மையை வளர்த்துவிட முடியாது. வேலைக்காரனுக்கு நேரமும் நியாயமான கூலியும் முகக்கவசமும் வேண்டும்; பயன்படுத்துபவருக்கு உள்ளே பார்க்கும் உரிமை வேண்டும். தொழிற்கல்வி கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவருக்கு வர்ணம் தெளிக்கக் கற்பிக்குமுன் தட்டிப் பார்க்கக் கற்பிக்கட்டும். வரலாறு கற்பிப்போருக்கும் அதுவே முதற்பாடம். கார் வாங்கப் போகிறவர் விரிப்பைத் தூக்கிக் காட்டுமாறு கேட்கட்டும். காணாமற்போன பிள்ளையின் தாய் கேட்பதும் அவ்வளவே.