வேப்பரைசரில் படியும் கரி

பெட்ரோமாக்ஸ் விளக்குக்குத் திரி கிடையாது. தொட்டியிலுள்ள மண்ணெண்ணெயைப் பம்படித்த காற்று மேலே தள்ளுகிறது. ஒடுங்கிய பித்தளைக் குழாயில் ஏறும்போது, எரியும் மேண்டிலின் சூட்டிலேயே எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் மயிரிழைத் துளை வழியாகச் சீறி, காற்றோடு கலந்து எரிகிறது. அந்தக் குழாய்தான் வேப்பரைசர். தன் சூட்டாலேயே தன் எரிபொருளைப் பக்குவப்படுத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை பெர்லின் நகரத்து எரிக் - கிரெட்ஸ் நிறுவனம் பெட்ரோமாக்ஸ் என்ற பெயரில் விற்றது. அந்தப் பெயரே பிறகு எல்லாக் கம்பெனி விளக்குக்கும் பொதுப்பெயராயிற்று.

ஏற்பாட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. மண்ணெண்ணெய் ஒரே பொருள் அல்ல. ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு சூட்டில் கொதிக்கும் பல எண்ணெய்களின் கலவை. அவற்றில் கனமானவை ஆவியாவதற்குள் சூட்டில் சிதைந்து, குழாயின் உட்சுவரில் கரியாக ஒட்டிக்கொள்கின்றன. துணியில் வடிகட்டி ஊற்றினால் தூசி நிற்கும், கரி நிற்காது. எரிவதுதான் அதற்குக் காரணம்.

உயிரின் அழுக்கு எங்கிருந்து வந்தது என்று சமயங்கள் கேட்ட கேள்விக்கு இந்தக் குழாய் ஒரு நல்ல உரைகல். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தைச் செம்பிலுள்ள களிம்புக்கும் நெல்லிலுள்ள உமிக்கும் ஒப்பிடுகிறது: இடையில் வந்து ஒட்டியதன்று, உயிர் உள்ள அன்றே உள்ளது. சமணர் சொல்வது வேறு. அவர்களுக்கு வினை என்பது நுண்ணிய பருப்பொருள். மனம், மொழி, மெய் இயங்கும்போதெல்லாம் அது உயிரை நோக்கி வருகிறது, அது ஊற்று. விருப்பு வெறுப்பின் பிசுக்கில் ஒட்டிக்கொள்கிறது, அது கட்டு. வரவை அடைப்பது செறிப்பு, ஒட்டியதை நீக்குவது உதிர்ப்பு, முற்றும் நீங்கியது வீடு.

கரியைப் பொறுத்தவரை சமணர் கணக்கே பொருந்துகிறது. களிம்பு சும்மா கிடக்கும் செம்பிலும் உண்டு. வேப்பரைசர் கரியோ இயங்கினால் மட்டுமே படிகிறது. சாமி புறப்பாட்டுக்குத் தலையில் சுமந்த விளக்கிலும் சூதாட்டத் திண்ணையில் தொங்கிய விளக்கிலும் ஒரே கணக்கில்தான் படிகிறது. புண்ணியமும் கட்டே என்று சமணர் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான காட்சி கிடைப்பது அரிது. ஆனால் ஓரிடத்தில் உவமை முறிகிறது. கடையில் வாங்கிய புதுக் குழாய் சுத்தமானது. வினை ஒட்டாத உயிர் ஒருகாலத்தில் இருந்ததாகச் சமணரும் ஒப்புக்கொள்வதில்லை.

கரி எப்படித் தன்னை மறைக்கிறது என்று பார்த்தால் தராசு சைவத்தின் பக்கம் சாய்கிறது. குழாய் அடைபடத் தொடங்கியதும் விளக்கு துடிக்கும். வெளிச்சம் மங்கி மஞ்சளிக்கும். உடையவர் எண்ணெயைக் குறை சொல்வார், பம்பு வாஷரை மாற்றுவார், மேண்டிலைப் புதிதாகக் கட்டுவார். இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது என்று 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் சொன்னது இந்த நிலைமைதான். கைப்பிடியைத் திருப்பினால் உள்கம்பியின் நுனியிலுள்ள மெல்லிய ஊசி, அதாவது பின், மேலேறி நிப்பிளைக் குத்தும். வெளிச்சம் பளிச்சென்று திரும்பும். அன்றாட நியமங்களின் வேலையும் இவ்வளவே. வாயைத் திறக்கும், குழாயைத் தொடாது. பளிச்சென்ற அந்த ஐந்து நிமிடத்தில் ஏமாந்துபோகிறவர்கள் அதிகம்.

உள்ளே சுத்தம் செய்ய, ஆறிய விளக்கில் காற்றை இறக்கிவிட்டு, பின்னைக் கீழே தணித்த பிறகே நிப்பிளைக் கழற்ற வேண்டும். இல்லையேல் பின் வளையும். அடுத்து உள்கம்பியை உருவி, குழாயைத் தொட்டியிலிருந்து பிரித்து, எட்டக் கொண்டுபோய் ஊதுவிளக்குத் தீயில் கருஞ்சிவப்பாகும்வரை காய்ச்ச வேண்டும். காய்ச்சாமல் சுரண்டினால் பித்தளைதான் தேயும். காய்ந்த கரி காற்றில் எரிந்து இளகும். சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைப் பிரித்து உள்ளே விட்டு இழுத்தால் கறுப்புச் செதில்களாகக் கொட்டும். தீ அளவு மீறினால் பித்தளையே உருகிவிடும்; பற்றவைத்த இணைப்புகளின் பக்கம் தீ போகவே கூடாது. நிப்பிள் துளையில் தடித்த ஊசியை விட்டால் துளை பெரிதாகி, பிறகு எந்நாளும் புகைதான்.

சூடு உண்டாக்கிய கரியைச் சூடே தளர்த்துகிறது. வண்ணான் சாணத்தையும் உவர்மண்ணையும் பூசித் துணியின் அழுக்கைப் போக்குவதுபோல, இறைவன் மாயை என்ற அழுக்கால் ஆணவ அழுக்கைப் போக்குகிறான் என்பது சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் காட்டும் உவமை. களிம்பு உவமையில் இடறிய சித்தாந்தம் இங்கே எழுந்து நின்றுகொள்கிறது. மலபரிபாகம் என்று அது சொல்லும் பக்குவத்தை, காய்ச்சும் முன்னும் பின்னும் அதே கம்பியை விட்டுப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அதோடு, பின்னை விளக்கே சுமந்திருந்தாலும் அதைத் திருப்பவும் ஒரு கை வேண்டும். குழாயைக் கழற்றவும் காய்ச்சவும் வெளியே இருக்கும் ஒருவர் வேண்டும். அருள் வேண்டும் என்று சைவர் சொல்வதும், உயிர் தன் தவத்தாலேயே வினையை உதிர்க்கும் என்று சமணர் சொல்வதும் பிரியும் இடம் இது. அறிந்த மாத்திரத்தில் அழுக்கு இல்லாமற்போகும் என்னும் அத்வைதத்துக்கு இந்த விளக்கு உதவாது; கயிற்றில் தோன்றும் பொய்ப் பாம்பை அவர்கள் உவமையாகத் தேர்ந்துகொண்டது காரணத்தோடுதான்.

எவ்வளவு தேய்த்தாலும் உட்சுவரில் மெல்லிய கறுப்பு மிஞ்சும். அது எண்ணெயைத் தடுப்பதில்லை. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே ஒடுங்குகிறது என்பது சித்தாந்தத்தின் முடிவு.