எத்தனை நாளைக்கு?

“பாலிமர் இன்ஜினியரிங் படிக்கிறேன்” என்று ஒரு மாணவர் சொன்னால், “அப்படின்னா?” என்பார்கள். “பிளாஸ்டிக், ரப்பர் சம்பந்தப்பட்ட படிப்பு” என்று விளக்கினால், “அதைத்தான் தடை பண்ணிட்டாங்களே!” என்று சிரிப்பார்கள். 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அதன்பின் இந்தத் துறை மாணவர்களுக்குக் கல்யாண வீடுகளில் இதற்குப் பதில் சொல்வதே ஒரு வேலையாகிவிட்டது. நானும் அதே துறையில் படித்து, அதிலேயே பிழைப்பவன். கேட்பவர்கள் விளையாட்டாகக் கேட்டாலும் கேள்வி விளையாட்டானதல்ல. ஊரே பழிக்கும் ஒரு பொருளைக் கற்று, அதைக் கொண்டே சோறு சாப்பிடுவது சரிதானா?

வாதாட எங்களிடம் சரக்கு உண்டு. ரத்த வங்கியில் தொங்கும் பை பிவிசி. ஊசி போடும் சிரிஞ்ச் பாலிபுரொப்பிலீன். முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சையில் உலோகத்துக்கு நடுவே தேய்மானத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒருவகைப் பாலிஎத்திலீன். வயலில் சொட்டுநீர்க் குழாய், வீட்டில் மின்கம்பியின் உறை என்று இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் ரத்தப் பையைக் காட்டி ஷாம்பு பாக்கெட்டைக் காப்பாற்றிவிட முடியாது. ஒன்றின் புண்ணியத்தை இன்னொன்றின் கணக்கில் வரவு வைக்கும் வாதம் அது.

பழியைத் தூக்கி முன்னோர் தலையில் போடவும் வழியில்லை. யானைத் தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடித்தான் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹையட் செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக்குக்கு வந்து சேர்ந்தார். ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாக நிற்பதுதான் பாலிமர் என்று ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920-இல் எழுதியபோது, சக வேதியியலாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-இல். 1933-இல் இங்கிலாந்தில் வேறொரு சோதனையின் நடுவே எதிர்பாராமல் கிடைத்த பாலிஎத்திலீன், இரண்டாம் உலகப் போரில் ரேடார் கம்பிகளுக்கு உறையானது. குப்பைமேட்டை மனத்தில் வைத்து இவர்களில் யாரும் வேலை செய்யவில்லை.

அப்படியென்றால் கோளாறு எங்கே? எங்கள் பாடத்திட்டத்துக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. பிளாஸ்டிக் எப்படிச் சிதைகிறது என்று விரிவாகப் படிப்போம். வெயில் பட்டால் சங்கிலி அறுபடும், சூட்டில் ஆக்சிஜன் சேர்ந்தால் நிறம் மாறும், பிறகு விரிசல் விடும். இவ்வளவையும் படிப்பது சிதைவைத் தடுக்கத்தான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. அதில் கலந்த கார்பன் பிளாக் புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு சங்கிலியைக் காக்கிறது. பொருளைச் சாகவிடாமல் வைத்திருக்கும் வித்தையில் நாங்கள் கெட்டிக்காரர்கள். அதன் வேலை முடிந்தபின் என்ன ஆகும் என்ற பாடம் பின்னால்தான், அதுவும் சுருக்கமாகத்தான் வந்தது.

இருபது வருடம் உழைக்க வேண்டிய குழாய்க்கு நீண்ட ஆயுள் கொடுப்பது நல்ல பொறியியல். கடையிலிருந்து வீடு வரும்வரை, பத்து நிமிடம் தேநீரைத் தாங்கினால் போதும் என்ற பாலித்தீன் கவருக்கும் அதே சாகாவரத்தைக் கொடுத்தோம். வேலையின் ஆயுளுக்கும் பொருளின் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லாமல் போனதுதான் கோளாறு. 1950-லிருந்து 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்றும், கழிவானதில் ஏறத்தாழ 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போனது என்றும் 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மீதியில் பெரும்பகுதி குப்பைமேட்டிலோ மண்ணிலோ நீரிலோ கிடக்கிறது.

இந்த விஷயத்தில் பேராசிரியர்களைவிடக் கறாரான தேர்வாளர் தெருமுனைக் காயலான் கடைக்காரர். பால் கவரை எடைக்கு எடுத்துக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிடுவார். பால் கவர் முழுக்க ஒரே இனப் பிளாஸ்டிக், உருக்கினால் மறுபடி குருணையாகும். சிப்ஸ் பாக்கெட்டில் அச்சுக்கு ஒரு படலம், காற்றைத் தடுக்க உலோகப் பூச்சு, வாயை ஒட்ட இன்னொரு படலம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் புத்திசாலித்தனமான தேர்வுதான். சேர்த்து ஒட்டியபின் பிரிக்க ஆளில்லை. ‘மக்கும்’ என்று எழுதி விற்பதிலும் இதே கவனம் வேண்டும். சோளமாவிலிருந்தும் தயாராகும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், 60 டிகிரி அளவுக்குச் சூடான உர ஆலையில் மக்கும். சாக்கடையில் விழுந்தால் சீக்கிரம் மக்காது.

முடிவை யோசிக்காமல் தொடங்கும் இந்தப் பழக்கம் தொழிற்சாலைக்கு மட்டும் சொந்தமானதல்ல. தவணையில் பொருள் வாங்குகிறோம், வாக்குக் கொடுக்கிறோம், விழா எடுக்கிறோம். ஆரம்பிக்கும்போது இருக்கும் உற்சாகம் முடித்துவைக்கும் பொறுப்பில் இருப்பதில்லை. மிச்சத்தைச் சுமக்க வேறு யாரோ வருவார் என்ற நினைப்பு நம் எல்லோரிடமும் இருக்கிறது. படிப்பு எனக்குத் தந்த ஒரே உருப்படியான குணம், எதைக் கையில் எடுத்தாலும் ‘இது எத்தனை நாளைக்கு, அதற்குப் பிறகு யார் பொறுப்பு’ என்று கேட்டுக்கொள்வதுதான். சில சமயம் வீட்டாருக்கு எரிச்சலூட்டும் குணம் அது.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். இந்தத் துறையில் இருப்பது தவறில்லை. அந்த இரண்டு கேள்விகளைக் கேட்காமல் இருப்பதே தவறு. மனச்சாட்சி உள்ளவர்கள் விலகிப்போனால் பிளாஸ்டிக் குறையப்போவதில்லை, கேள்வி கேட்கும் ஆள்தான் குறைவார். பாலிமர் படிக்கப் போகும் பிள்ளைகளே, தைரியமாகப் படியுங்கள். ஒரு பொருளை வடிவமைக்க உட்காரும்போது, அதன் கடைசி நாளையும் முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். அதை எழுத முடியாத பொருளை, சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும், செய்ய மாட்டேன் என்று சொல்லுங்கள்.