ஏரிக்குள் இருக்கும் வீடு

முன்னோர் செய்த காரியத்தால் நன்மை அடைகிறவன், அந்தக் காரியத்துக்கு எவ்வளவு தூரம் கடமைப்பட்டவன்? இது சாஸ்திரம் படித்தவர்கள் மட்டும் தர்க்கிக்க வேண்டிய கேள்வி என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய தாள் அதை நம் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்துவருகிற சென்னைப் பட்டண வரைபடம் ஒன்று உண்டு. பின்புறம் துணி ஒட்டி மடித்தது, மடிப்புகளெல்லாம் நைந்துபோனது. அதைப் பிரித்தால் பிள்ளைகள் முதலில் தங்களுக்குத் தெரிந்த தெருக்களைத்தான் தேடுவார்கள். ஜார்ஜ் டவுன் பக்கம் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றமில்லை. வால்டாக்ஸ் ரோடு அன்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. (மதில் கட்டிய செலவுக்காகக் குடிகளிடம் வரி வாங்கக் கும்பினியார் எண்ணினார்கள். வரி வசூலாகவில்லை, மதிலும் பெரும்பாலும் போயிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!) ஆனால் தியாகராய நகரைத் தேடுகிற பிள்ளை திகைத்துப் போகும். அங்கே தெருவுமில்லை, பூங்காவுமில்லை. மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடக்கும் நீல நிறம் மாத்திரம் உண்டு. அதுதான் நெட்டேரி, ஆங்கிலேயர் லாங் டாங்க் என்று அழைத்தது.

1921-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பட்டணத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். வீடுகள் போதவில்லை. 1923-ல் தொடங்கி ஏரியை வற்றச் செய்து மனைகள் பிரித்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயரை நகருக்கும், பனகல் அரசர், உஸ்மான், நாயர் முதலியோரின் பெயர்களைப் பூங்காவுக்கும் சாலைகளுக்கும் இட்டார்கள். நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரியில் எஞ்சியிருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் 1976-ல் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர்ப்பலகை இன்றும் நிற்கிறது. எந்த ஏரியைப் பார்க்கலாமென்று கேட்பாரில்லை.

இதில் யாரைக் குற்றஞ்சொல்வது? சந்தையில் திருட்டு மாடென்று அறியாமல் வாங்கியவன், உண்மை தெரிந்ததும் மாட்டை உரியவனிடம் ஓட்டிக்கொண்டு போய் விடலாம். ஏரியை அப்படி ஓட்டிக்கொண்டு போக முடியாது. அன்றியும், தூர்த்தது திருட்டுமன்று. சர்க்கார் சட்டப்படி செய்த வேலை. குடியிருக்க இடம் கேட்டவர்களும் நியாயமாகவே கேட்டார்கள். ஆயினும் குற்றம் வேறு, கடன் வேறு. தகப்பன் பட்ட கடனுக்காக மகனைக் குற்றவாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தகப்பனின் வீட்டை எடுத்துக்கொள்கிறவன் கடன் பத்திரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டியவனாகிறான். ஏரியில் வீடு கட்டிக் குடியிருக்கிற நமக்குப் பத்திரம் வந்தது 2015-ம் ஆண்டு டிசம்பரில். அந்த மழையில் மேற்கு மாம்பலம் தெருக்களில் தண்ணீர் தன் பழைய இடத்தைக் கேட்டு வந்து நின்றது. பட்டா காட்டினால் தண்ணீர் திரும்பிப் போகிறதா?

அதே மழையில் அடையாற்றங்கரைக் குடிசைகள் மூழ்கின. பிறகு நடந்ததைத்தான் நாம் யோசிக்க வேண்டும். ஆற்றங்கரையிலிருந்த குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி, வெகு தெற்கே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் நீர்வழியில் இருந்தார்கள் என்பது மெய்தான். அபாயமான இடம் என்பதும் மெய்தான். ஆனால் வரைபடத்தைப் பிரித்துப் பாருங்கள். அவர்களுடைய குடிசை ஆற்றின் ஓரத்தில் இருந்தது. நம்முடைய மாடி வீடு ஏரியின் நடுவில் இருக்கிறது. ஓரத்தில் இருந்தவன் ஆக்கிரமிப்பாளன், நடுவில் இருப்பவன் கனவான் என்று தீர்ப்புச் சொன்னது தண்ணீரன்று, காகிதம். இப்படிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். "நாங்கள் பணம் கொடுத்து வாங்கினோம்" என்பார்கள். வாஸ்தவம். பணம் கொடுத்தது நிலத்துக்கு. நீருக்கு யாரும் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை.

அப்படியானால் வீட்டை இடித்துவிடச் சொல்கிறீரோ என்று கேட்க வேண்டாம். மழைநீர்க் கால்வாய் வெட்ட வருகிறவர்களிடம், நம் வாசற்படியை மாத்திரம் விட்டுவிடும்படி சிபாரிசு பிடிக்காமல் இருக்கலாம். வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிக்க வேண்டுமென்று 2003-ல் சட்டம் வந்தபோது தோண்டிய குழி இப்போது மண் மூடிக் கிடக்கிறதா என்று பார்க்கலாம்.

இன்னொன்று. எங்கள் வரைபடம் அடையாற்றுக்குச் சற்றுத் தெற்கே முடிந்துவிடுகிறது. பெரும்பாக்கம் அதில் இல்லை. அங்கிருந்து விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாள்மார் சிலர் உண்டல்லவா? அவர்களை ஒருநாள் கூடத்தில் உட்காரவைத்து, தாளை விரித்து, தங்கள் பழைய வீடு இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள்.