கற்றோர் கையில் தீவட்டி

உயர்ந்த இலக்கியத்தைக் கற்றவன் உயர்ந்தவன் ஆவானோ? நம்மவரைக் கேட்டால், "ஆவான், அதில் ஐயமென்ன?" என்றே விடை வரும். தோட்டத்துப் பள்ளியில் முதலெழுத்தை எழுதிக் காட்டும் உபாத்தியாயர் முதல், பட்டணத்து மண்டபத்தில் ஆண்டுவிழாத் தலைமை வகிக்கும் கனவான் ஈறாக எல்லோரும் இதையே சொல்லுவர். கல்வி என்னும் சொல்லுக்குள்ளேயே ஒழுக்கமும் அடங்கிக் கிடப்பதாக நாம் நம்பி வந்திருக்கிறோம். இந்நம்பிக்கையை உரைத்துப் பார்க்க ஒரு கல் வேண்டுமாயின், ஜெர்மனி தேசத்துச் சர்வகலாசாலைகளில் ஜெர்மன் மொழியும் இலக்கியமும் கற்பிக்கப்பட்ட வரலாற்றினும் சிறந்தது கிடையாது. மலாயா சர்வகலாசாலையிலும் இன்று ஜெர்மன் ஒரு பட்டப்படிப்பு. நம் வீட்டுப் பிள்ளையொருவன் அதனை எடுத்தால், "அந்தப் படிப்பு சோறு போடுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சோற்றுக் கணக்கை அவர்களே பார்த்துக் கொள்ளட்டும். யாம் கேட்கப் புகுவது வேறு.

அப்படிப்பு யாது என்பதை முதலில் சிறிது சொல்ல வேண்டும். பெர்லின் சர்வகலாசாலை 1810-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோதே ஜெர்மன் மொழிக்கும் பழைய இலக்கியத்துக்கும் ஆங்கே ஓர் ஆசிரியர் அமர்த்தப்பட்டார். அதுகாறும் லத்தீனும் கிரேக்கமுமே பெரும்பாலும் புலமைக்குரியனவாக மதிக்கப்பட்டன. நீபெலுங்கர் கதையைக் கூறும் பழங்காப்பியம், லூத்தரின் பைபிள் மொழிபெயர்ப்பு, லெஸ்ஸிங், கேதே, ஷில்லர் முதலியோரின் நாடகங்கள், இவற்றோடு சொற்களின் பிறப்பும் வளர்ப்பும் பாடமாயின. யாக்கோபு கிரிம் என்பார் 1822-ஆம் ஆண்டில் தமது இலக்கண நூலில் ஒரு விதியை விளக்கினார். லத்தீனில் 'பாத்தெர்' எனப்படும் தந்தை ஜெர்மனில் 'ஃபாத்தெர்' ஆகிறார். முதலொலி அவ்வாறு திரிந்தது தற்செயலன்று, வரிசையாகப் பல சொற்களில் ஒழுங்கு பிசகாமல் நிகழ்ந்த மாற்றம் என்று காட்டினார். நாம் வழங்கும் 'பிதா'வும் அக்குடும்பத்துச் சொல்லே. ஓர் ஒலியைப் பற்றிக்கொண்டு ஈராயிரம் ஆண்டு பின்னோக்கி நடக்கும் பொறுமைதான் இக்கல்வியின் உயிர்.

அந்தக் கிரிம்மும் அவர் தம்பி வில்ஹெல்மும் சிறுவர் கதைகளால் உலகறிந்த சகோதரர்களே. அவர்கள் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த காலத்தில், 1837-ஆம் ஆண்டு ஹனோவர் அரசராய்ப் பட்டமேறிய எர்னஸ்ட் அகஸ்டஸ் நாட்டின் அரசியற் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார். அச்சட்டத்தைக் காப்பதாக ஆசிரியர்கள் பிரமாணம் செய்திருந்தனர். ஏழு பேராசிரியர் மாத்திரம், தாம் செய்த பிரமாணம் அரசர் ஆணையால் அழியாது என்ற கருத்துப்பட எழுதிக் கையொப்பமிட்டனர். எழுவருக்கும் வேலை போயிற்று. யாக்கோபு கிரிம், டால்மன், ஜெர்மன் இலக்கிய வரலாறு எழுதிய கெர்வினுஸ் ஆகிய மூவரும் மூன்று நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென உத்தரவாயிற்று. வேலையிழந்து நின்ற அச்சகோதரரிடந்தான் 1838-இல் ஒரு பேரகராதி செய்து தருமாறு பதிப்பாளர் கேட்டனர். முதற்றொகுதி 1854-இல் வந்தது. அண்ணனும் தம்பியும் மறைந்து, இரண்டு உலக யுத்தங்களும் கழிந்து, 1961-இல்தான் அவ்வேலை முற்றுப்பெற்றது. சொல்லை ஆராய்ந்தவர்கள் கொடுத்த சொல்லையும் காத்தார்கள்! கதை இவ்வளவோடு நின்றிருந்தால் நம்மவர் நம்பிக்கைக்குக் குறைவே இல்லை.

நிற்கவில்லை. அதே யாக்கோபு கிரிம் தலைமையில் 1846-ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகரில் கூடிய அறிஞர் மகாநாட்டில், ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் பிரதேசம் ஜெர்மானியருக்குரியதா டேனியருக்குரியதா என்பதும் பேச்சுக்கு வந்தது. மொழி வழங்கும் இடமெல்லாம் நமது நிலமே என்னும் எண்ணம் பேரறிஞர் நெஞ்சிலும் எளிதாக முளைக்கிறது. சொல்லை அறிய வேண்டுமென்ற வேட்கையும், அது எம்முடையது என்ற செருக்கும் ஒரே பாத்தியில் எழுந்த இரு நாற்றுக்கள். முளைக்கும்போது பயிர் எது, களை எது என்று சொல்லிவிட முடியாது.

களை வளர்ந்த காலத்துக்கு வருவோம். 1933-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி இரவு. பெர்லின் சர்வகலாசாலைக்கு எதிரேயுள்ள நாடகமன்றச் சதுக்கத்தில் மாணாக்கர் தீவட்டிகளுடன் கூடிச் சுமார் 20,000 புத்தகங்களைத் தீயிலிட்டனர். வேறு பல சர்வகலாசாலை நகரங்களிலும் அவ்விரவில் அவ்வாறே நடந்தது. எரித்தோர் எழுத்தறியாப் பாமரர் அல்லர். மாணவர் சங்கமே முன்னின்று ஏற்பாடு செய்தது. பெர்லினில் பிரசங்கம் செய்தவர் மந்திரி கோயபல்ஸ். அவர் யார்? ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் ஜெர்மன் இலக்கியம் பயின்று, ஒரு நாடகாசிரியரைப் பற்றி ஆராய்ந்து, 1921-இல் டாக்டர் பட்டத்துக்குத் தேறியவர். அவரது ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியர் வால்ட்பர்க் யூத மரபினர்! அதே சதுக்கத்தில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று தம் நூல்கள் எரிவதைத் தம் கண்ணாலேயே கண்டவர் எரிக் கெஸ்ட்னர் என்னும் ஆசிரியர். அவரும் ஜெர்மன் இலக்கியத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1925-இல் லைப்சிக் சர்வகலாசாலை அளித்தது. ஒரே கல்வி, ஒரே பட்டம், ஒரே சதுக்கம். ஒருவர் மேடைமேல், மற்றவர் புத்தகம் தீயில்.

"கோயபல்ஸ் உண்மையாகக் கற்கவில்லை, கற்றிருந்தால் அப்படிச் செய்வானா?" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். இச்சமாதானம் எமக்கு உடன்பாடன்று. நன்மை செய்தவனையே கற்றவன் என்போம், தீமை செய்தவனைக் கல்லாதவன் என்போம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், கேள்வியைச் சொல்லுக்குள் ஒளித்து வைத்தவர் ஆவோமேயன்றி விடை கண்டவர் ஆகோம். அன்றியும், கோயபல்ஸை விலக்கினாலும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பான் நகரில் அன்றிரவு தீயின் முன் பேசிய ஹான்ஸ் நௌமன் பழைய ஜெர்மன் கவிதையில் பெரும் புலமை வாய்ந்தவர். கோட்டிங்கனில் பேசிய கெர்ஹார்ட் ஃபிரிக்கெயும் இலக்கிய ஆசிரியரே. கிரிம் சகோதரர் சத்தியம் காத்த அதே கோட்டிங்கன்! தாமஸ் மன் என்னும் உலகப் புகழ் நாவலாசிரியருக்குப் பான் சர்வகலாசாலை 1919-இல் அளித்த கௌரவ டாக்டர் பட்டத்தை 1936 டிசம்பரில் பறித்துக்கொண்டபோது, கடிதத்தில் கையொப்பமிட்ட பீடாதிபதி ஓபெனௌவெரும் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர். இவர்களையெல்லாம் கல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

வைமார் நகரைப் பாருங்கள். கேதே 1775-ஆம் ஆண்டில் அங்குக் குடிபுகுந்து 1832-இல் அங்கேயே மறைந்தார். அந்நகரிலிருந்து சுமார் ஐந்து மைல் தொலைவிலுள்ள எட்டர்ஸ்பர்க் குன்றில் நாஜிகள் 1937-இல் பூகன்வால்ட் சிறைமுகாமை அமைத்தார்கள். மரங்களை வெட்டிக் காட்டைத் திருத்தியபோது ஒரு கருவாலி மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டனர். கைதிகள் அதைக் 'கேதேயின் மரம்' என்று அழைத்தார்கள். 1944 ஆகஸ்டில் நடந்த விமானத் தாக்குதலில் அது எரியும்வரை முள்வேலிக்குள்ளேயே நின்றது. அம்முகாமில் மாண்டோர் ஏறத்தாழ 56,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. மரம் ஒன்றினிடம் காட்டிய தயவை மனிதரிடம் காட்டத் தோன்றாத கைகளை நினைக்குந்தோறும், நினைவுச் சின்னங்களுக்கு மாலையிடும் வழக்கத்தில் எமக்கு ஓர் அச்சம் உண்டாகிறது.

இதனால் புத்தகமே நஞ்சு என்பது எமது கருத்தன்று. 1942-ஆம் ஆண்டில் முனிச் நகரில் 'வெள்ளை ரோஜா' என்ற பெயரால் ரகசியமாகப் பரவிய துண்டுப் பிரசுரங்களுள் முதலாவதில் ஷில்லர், கேதே ஆகிய இருவரின் எழுத்துக்களும் எடுத்தாளப்பட்டிருந்தன. எழுதிய ஹான்ஸ் ஷோலும் அலெக்ஸாந்தர் ஷ்மோரெலும் மருத்துவ மாணாக்கர். இலக்கியத்தைப் பாடமாக எடுத்தவரல்லர். ஹான்ஸும் அவர் தங்கை ஸோபியும் 1943 பிப்ரவரி 22-இல் கொல்லப்பட்டனர். ஷ்மோரெல் அவ்வாண்டு ஜூலையில். ஷில்லருக்கு விழா எடுத்த அரசாங்கமே, கொடுங்கோலனை வில்லாளி கொல்லும் கதையாகிய அவரது 'வில்லியம் டெல்' நாடகத்தை 1941-இல் தடை செய்தது. மேடையில் பேசியவனுக்கும் கில்லட்டினில் உயிர் நீத்தவர்க்கும் ஏடு ஒன்றே.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஒரு மனிதரைக் கொண்டு இதனை நோக்குவோம். டிரெஸ்டன் நகரில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியராயிருந்த விக்டர் கிளெம்பெரர் யூத மரபில் பிறந்ததனால் 1935-இல் வேலை இழந்தார். பின்னர் நூல்நிலையத்துள் நுழையவும் தடை, யூதர்க்கென ஒதுக்கிய வீடு, ஆலைக் கூலிவேலை. புத்தகம் இல்லாத புலவர் எதைப் படிப்பார்? பத்திரிகையையும், வானொலிப் பேச்சையும், சுவரொட்டியையும், அடுத்த வீட்டாரின் வாய்மொழியையும் படித்தார். சொல் ஒவ்வொன்றும் எவ்வாறு பொருள் திரிகிறது என்று நாட்குறிப்பில் எழுதினார். 'ஃபனாட்டிஷ்' என்றால் வெறிபிடித்த என்று பொருள். அதுகாறும் அது இழிசொல். நாஜிகள் ஆட்சியில் அதுவே வீரனுக்கும் பக்தனுக்கும் சூட்டும் புகழ்மாலையாயிற்று. எழுதிய தாள்களை அவர் மனைவி ஈவா, பிர்னா என்னும் ஊரிலிருந்த மருத்துவத் தோழியிடம் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். அகப்பட்டிருந்தால் மூவரும் தப்பியிருக்க மாட்டார்கள். அக்குறிப்புக்களிலிருந்து விளைந்த நூல் 1947-இல் வெளிவந்தது.

அடிபட்டவன் செவி கூர்மையானது. ஆதலின் கிளெம்பெரருக்குக் கேட்டது வியப்பில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஓரளவு உண்மை. ஆனால் அவர் கேட்டது பகைவர் வாயில் மட்டுமன்று. யூத அயலாரும் அச்சொற்களையே எடுத்தாள்வதைக் குறித்தார். தமது வாயையும் சந்தேகித்தார். கிரிம் சகோதரரும் அப்படியே: அவர்கள் ஆராய்ந்தது பிறர் சத்தியத்தை அன்று, தாம் செய்த சத்தியத்தை. நௌமன் முதலானோர் புலமையில் குறைந்தவரல்லர். ஆனால் அப்புலமை என்னும் விளக்கை வெளிப்புறமாகவே பிடித்தனர். கல்வி விளக்கைத் தருகிறது. அதைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடிக்கும் தைரியத்தை எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. கேட்டு மதிப்பெண் போடவும் முடியாது.

இவ்விடத்து நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியே தீரவேண்டும். கார்ல் கிரௌல் என்னும் ஜெர்மானியர் 1856-இல் திருக்குறளைத் தம் மொழியில் ஆக்கி வெளியிட்டார் என்றதும் நமக்கு உள்ளம் பூரிக்கிறது. கூட்டங்களில் இதனைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்களில் யாமும் ஒருவர். கைதட்டல் ஓய்ந்தபின், அன்று அந்தக் குறளில் எத்தனையை நமக்கெதிராகப் படித்துக்கொண்டோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டோ எனின், இல்லை.

யுத்தம் முடிந்தபின் அந்தப் பேராசிரியர்களுள் பலர் திரும்பவும் பாடம் நடத்தினர். 1966-ஆம் ஆண்டு முனிச் நகரில் கூடிய மகாநாட்டில்தான் இளைய ஆசிரியர் சிலர் எழுந்து, நம் துறை என்ன செய்தது என்று வெளிப்படையாகக் கேட்டனர். அதற்கு நான்காண்டுகள் முன், 1962-இல், ஹான்ஸ் ஷ்வெர்டெ என்பவர் ஒரு நூல் எழுதியிருந்தார். கேதேயின் ஃபௌஸ்ட் என்னும் பாத்திரத்தை ஜெர்மன் இனப் பெருமையின் கொடியாக்கி எப்படியெல்லாம் திரித்தார்கள் என்பதை அதில் நுணுகி ஆராய்ந்தார். அது நல்ல நூல் என்றே மதிக்கப்பட்டது. அவர் 1970 முதல் 1973 வரை ஆகன் சர்வகலாசாலையின் தலைவராகவும் விளங்கினார். கிளெம்பெரரின் நாட்குறிப்புக்கள் அச்சேறிய 1995-ஆம் ஆண்டிலேயே, ஷ்வெர்டெ என்று ஒருவர் இல்லை என்பதும் வெளியாயிற்று. அவரது உண்மைப் பெயர் ஷ்னைடர், எஸ். எஸ். படையின் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதிகாரியாயிருந்தவர். யுத்த முடிவில் ஷ்னைடர் மாண்டான் என்று பதிவு செய்யப்பட்டது. அவர் மனைவி புதுப் பெயருடைய கணவரை மறுபடியும் மணந்தார்.

அந்நூலில் உள்ளது பொய்யா? யாம் அறிந்தவரை இல்லை. செருக்குக்கு எதிராக அதில் அவர் வைத்த வாதங்கள் இன்றும் நிற்கின்றன. அவரிடம் ஃபௌஸ்ட் பாடம் கேட்ட மாணாக்கர் தம் குறிப்பேடுகளைக் கிழித்தெறிய வேண்டியதில்லை என்பது எமது துணிபு. ஆனால் விளக்கைத் திருப்ப வேண்டிய ஒரே முகத்தை மறைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அவர் பாடம் நடத்தினார். 1999-இல் மறைந்தார். நூல் இன்றும் நூல்நிலையங்களில் இருக்கிறது. முகப்பில் ஷ்வெர்டெ என்ற பெயரே அச்சாகியிருக்கிறது.