அடுத்தவர் கடிதம்

பழைய ஏர்மெயில் கவர்களைச் சேர்க்கிறவன் நான். கங்காதர நெல்லூரில் இருந்துகொண்டு சித்தூர், வேலூர் பழைய பேப்பர் கடைகளைச் சுற்றினாலே பல தேசத்துக் கவர்கள் கைக்கு வரும். ஓரத்தில் ஓடும் சாய்வுக் கட்டங்கள் பல நாடுகளில் நீலமும் சிவப்பும். பிரேசில்காரர்கள் தங்கள் கொடியின் பச்சையையும் மஞ்சளையும் போட்டார்கள். மெக்சிகோவில் பச்சையும் சிவப்பும். மூலையில் 'பார் அவியோன்' என்று பிரெஞ்சு இருக்கும், உலகத் தபால் ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழி அதுதான் என்பதால். எடைக்கு ஏற்பக் கட்டணம். ஆகவே காகிதம் வெங்காயச் சருகு மாதிரி மெலிசு. வெயிலில் பிடித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்றுதான் பல கவர்களின் உட்பக்கத்தில் நெருக்கமான கோடுகளும் பூவேலையும் அச்சடித்தார்கள். அந்த வேலைப்பாட்டுக்காகவே நான் சில கவர்களை வைத்திருக்கிறேன். அடுத்தவர் படிக்கக் கூடாது என்பதற்காக வரையப்பட்ட அழகு அது.

கவர் சேர்க்கிறவனுக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. உறை வேறு, கடிதம் வேறு. உள்ளே ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு உறையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏரோகிராமில் அது நடக்காது. ஒரே தாள்தான் கடிதமும் உறையும். உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்பது விதி. வைத்தால் சாதாரணத் தபாலில் போய்விடும் என்று சில நாட்டுத் தாள்களிலேயே அச்சிட்டிருந்தார்கள். இராக்கில் தபால் வேலை பார்த்த டக்ளஸ் கம்ப்லி 1933-இல் கொண்டுவந்த யோசனை இது. போர்க்காலத்தில், 1941-இல், பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பயன்பட்டது. ஏரோகிராம் என்ற பெயரை உலகத் தபால் ஒன்றியம் 1952-இல் ஏற்றுக்கொண்டது. வளைகுடாவின் தலைமாட்டில் பிறந்த அந்தத் தாளில்தான் பிற்பாடு குவைத்துக்குப் போன நம் பக்கத்து ஆட்களும் வீட்டுக்கு எழுதினார்கள்.

அப்படி ஒரு தாள் கையில் வந்தால் என்ன செய்வது? காசு கொடுத்து வாங்கினேன் என்பதற்காக அதைப் படிக்கலாமா?

சேகரிப்பாளர்கள் இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் தேடுவது முத்திரை. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆன்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களோடு பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. அந்த முத்திரை விழுந்த கவருக்கு இன்றும் பெரிய விலை. 1932 அக்டோபரில் டாடா கம்பெனி கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் கொண்டுவந்த தபாலுக்கும் அப்படியே. உள்ளே யார் யாருக்கு என்ன எழுதினார் என்பது விலைப்பட்டியலில் வராது. வராததே நல்லது என்று நினைக்கிறேன்.

நான் வைத்திருந்த வழக்கம், ஏரோகிராமைப் பிரிக்காமல் மடித்தபடியே கோப்பில் வைப்பது. தெருவில் ஒரு பெரியம்மா தன் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து எழுதியவற்றைக் கொடுத்தபோது, நான் அப்படியே மடித்து வைப்பதைப் பார்த்தார்.

"ஏன் நைனா, படிக்க மாட்டியா?"

"உங்க குடும்பத்துக் கடுதாசி பெரியம்மா. நான் படிக்கிறது சரியில்ல."

"எனக்கு எழுத்து தெரியுமா இன்னா? அப்போ தெருப் பசங்கதான படிச்சிக் காட்டுவாங்க. அவருக்கும் அது தெரியும். அதனாலயே பாதிய எழுத மாட்டாரு."

அதில் ஒரு தாளில் தபால்தலையைக் குழந்தைகள் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் தலை போனால் மறுபக்கம் எழுத்தும் போகும். நடுவில் சதுரமாக ஓட்டை. அதைச் சுற்றி மீதி வரிகள், 'மழை', 'பெரியவன் ஸ்கூல்', 'சீட்டுப் பணம்' என்று அறுந்து நின்றன. ஓரத்து வெற்றிடத்திலும் ஒட்டுப்பசைக்குப் பக்கத்திலும் எழுத்தைச் சின்னதாக்கி நெருக்கியிருந்தார். பெரியம்மா கேட்டுக்கொண்டதால் உரக்கப் படித்தேன். ஓட்டை வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை, அந்தச் சொற்களைத் தானே சொன்னார்.

அன்றிலிருந்து என் வழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கொடுப்பவர் எதிரில் இருந்து, படி என்றால் படிக்கிறேன். அடுத்தவர் கேட்கப்போகிறார் என்று தெரிந்தே எழுதிய கடிதத்துக்குக்கூட யார் கேட்கலாம் என்று ஒரு வட்டம் இருந்தது. தெருப் பையன் அதற்குள், நாற்பது வருஷம் கழித்துக் கிலோ கணக்கில் வாங்கும் நான் அதற்கு வெளியே. கடை மூட்டையில் கிடைப்பவற்றை இன்னும் பிரிப்பதில்லை.

ஆனால் வெளிப்பக்கத்தில் விலாசம் இருக்கிறதே. பலமநேர், புத்தூர், பாகாலா என்று பக்கத்து ஊராக இருந்தால் இப்போது அந்த வீட்டைத் தேடிப் போகிறேன். சில இடங்களில் வீடே இல்லை. சிலர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. 'நீங்களே வெச்சிக்குங்க' என்று சொல்பவர்களிடம், உள்ளே படிக்கலாமா என்று தனியாக ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.